பங்கு சிறிதானால் பாவம் சிறிதாகுமா?

இல்லறத்தில் நின்று வாழும் சிராவகர்க்கு நேரும் ஹிம்சையை நம் ஆன்றோர் நான்காக வகுத்துரைத்தனர். கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பீ ஹிம்சை. அடுப்பெரித்தல், பெருக்குதல், நீர் இறைத்தல் முதலான வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்பீ ஹிம்சை. உழவு, தொழில், வாணிகம் ஆகியவற்றில் நேர்வது உத்யோகீ ஹிம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்பொருட்டு எதிர்த்து நிற்கையில் நேர்வது விரோதீ ஹிம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். இளமையில் நாம் மனப்பாடம் செய்த பாடம் இது. பின்னர் முப்பத்தாறு ஆண்டுகள் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்று, எழுபது வயதைக் கடந்த பின்னரே, இந்நான்கனுள் எதில் அடங்கும் என்று எளிதில் சொல்ல முடியாத ஒரு தீங்கைப் பற்றிச் சிந்திக்கும் நிலை நமக்கு நேர்ந்தது.

அத்தீங்கைச் செய்பவர் ஒருவர் அல்லர்; பல கோடிப் பேர். ஒவ்வொருவர் பங்கும் கடுகளவே. செய்தவர் ஓரிடத்திலும் துன்புறுவோர் வேறிடத்திலும் இருப்பர். செய்தவர் மறைந்த பின்னரும் அதன் பயன் தொடரும். பருவநிலை மாற்றம் என்று உலகம் இன்று பேசுவது இதனையே. இதில் நமக்குப் பாவம் உண்டா? உண்டெனில் எத்துணை? இவ்வினாவை நம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டே ஆராய விரும்புகிறோம்.

உலகெங்கும் நிகழ்வது

நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வெளிப்படும் கரியமில வாயு, பூமியின் வெப்பம் விண்ணுக்கு மீளாவண்ணம் போர்வைபோல் தடுக்கிறது. இதனை ஸ்வீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியஸ் 1896ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். இயந்திரத் தொழில் பெருகுவதற்கு முன்பு காற்றில் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. இதுவரை அளவிடப்பட்டவற்றுள் 2024ஆம் ஆண்டே மிக வெப்பமான ஆண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட, அவ்வாண்டின் வெப்பம் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி மிகுதி என உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

ஒன்றரை டிகிரி சிறிதன்றோ என வினவலாம். வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கும். ஆகவே வறண்ட நாளில் நிலத்தின் ஈரம் விரைந்து உறிஞ்சப்படுகிறது. மழை நாளில் பெய்வது கொட்டித் தீர்க்கிறது. 2022ஆம் ஆண்டு பாகிஸ்தானில் பெய்த பெருமழையில் 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகின் கரியமில வாயுவில் அம்மக்களின் பங்கு மிகச் சிறியது. தீங்கு செய்தவர் வேறு, பயன் துய்ப்பவர் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒரு நகரின் கதை

சென்னை மாநகரை எடுத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கி இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, நொடிக்கு ஏறத்தாழ 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அம்மழைக்காலத்தில் தமிழ்நாட்டில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நான்கே ஆண்டுகள் கழிந்தன. 2018ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றின. ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு இரயிலில் குடிநீர் வந்தது. ஐம்பது பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர். பின்னர் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மீண்டும் வெள்ளம். ஒரே ஊர் ஒரே பத்தாண்டிற்குள் நீரில் மூழ்கியும் நீரின்றித் தவித்தும் நின்றது.

இங்கு ஓர் உண்மையை மறையாமல் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டின் அப்பெருமழைக்கு உலக வெப்பமே காரணம் எனக் காட்ட இயலவில்லை என்று, அதனை ஆராய்ந்த அறிஞர்கள் 2016இல் எழுதினர். அவ்வாண்டு பசிபிக் கடலில் நிலவிய எல் நினோ என்னும் வெப்ப நிலை மழையைக் கூட்டியிருக்கலாம் எனவும் கூறினர். எல்லாப் பழியையும் வானத்தின்மீது ஏற்றிவிட்டால் தரையில் நாம் செய்தவை மறைந்துபோகும். வானம் கொடுப்பது மழையை மட்டுமே. அது வெள்ளமாவதும் ஏரி நீராவதும் நிலத்தின் கையில் இருக்கிறது. வெப்பம் மிக மிகப் பெருமழைகள் பெருகும் என அறிவியலார் எச்சரிக்கும் இந்நாளில், நிலத்தை நாம் எந்நிலையில் வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

ஒரகடத்து நிலம்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பர். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் செல்லும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகளின் மிகுநீர் செம்பரம்பாக்கத்தை அடைகிறது. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் நீர் அடையாறாகி, முடிச்சூர் வழியே சென்னைக்குள் நுழைந்து கடலில் கலக்கிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோயில் சாலையும் சந்திக்கும் ஒரகடம், இவ்வேரிகளுக்கு நடுவே அமைந்த ஊர்.

நாம் பணியில் சேர்ந்த காலத்தில் அங்கு இரவு எட்டு மணிக்குமேல் பேருந்து இல்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலேயே ரெனோ–நிஸான் ஆலை, 2012இல் டைம்லர் சரக்குந்து ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலை என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்களுக்கு அது புகலிடம். இவற்றால் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. பெண் பிள்ளைகள் சொந்தக் காலில் நின்றனர். நம் பேரனும் அங்கு ஓர் ஆலையில் பொறியாளனாக இருக்கிறான். ஆதலின் ஒரகடத்தைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. நாம் அதன் சோற்றை உண்பவர்கள்.

நாங்கள் விற்ற நிலம்

ஒரகடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், நம் சேமிப்பையும் கணவரின் சேமிப்பையும் கொண்டு 1984இல் ஒன்றரை ஏக்கர் நன்செய் வாங்கினோம். அந்நிலத்தின் கீழ்ப்புறத்து வரப்பை ஒட்டி ஒரு வரத்துக்கால் ஓடியது. ஐப்பசி மழையில் மேட்டு நிலத்து நீரெல்லாம் அதன் வழியே ஓடி ஊர் ஏரியைச் சேரும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விடுவர்.

2006இல் நிலத்தின் விலை நாங்கள் கனவிலும் எண்ணாத அளவுக்கு ஏறியது. மனைப்பிரிவு போடும் ஒருவர் வாங்க முன்வந்தார். பத்திரம் எழுதும் நாளில், அவ்வாய்க்காலை என்ன செய்வார்கள் என்று நாம் தரகரிடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "புலப்படத்துல இல்லாத கால்வாயை நீங்க ஏம்மா கிளப்புறீங்க?" என்றார். நாம் கணவர் முகத்தைப் பார்த்தோம். அவர் நம் முகத்தைப் பார்த்தார். இருவரும் பேசவில்லை. கையெழுத்திட்டோம். அடுத்த கோடைக்குள் வாய்க்கால் மண்ணிட்டு நிரவப்பட்டது.

அப்பணத்தில் மகனின் படிப்புக் கடனை அடைத்தோம். முடிச்சூரில் ஒரு வீடு வாங்கினோம். அவ்வீட்டிற்கும் அடையாற்றிற்கும் நடை தூரமே. 2015 நவம்பர் 30ஆம் நாள் பாரிஸ் நகரில் பருவநிலை மாநாடு தொடங்கியது. மறுநாள் இரவு எங்கள் வீட்டிற்குள் மார்பளவு நீர் புகுந்தது. எதிர்வீட்டு மொட்டை மாடியில் இரண்டு இரவுகளைக் கழித்தோம். டிசம்பர் 12ஆம் நாள் பாரிஸில் உலக நாடுகள் ஒப்பந்தத்தை ஏற்றபோது, நாங்கள் நனைந்த சாஸ்திர நூல்களை ஏடு ஏடாகப் பிரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தோம்.

அந்நாளில்தான் கணவர் மெல்லச் சொன்னார்: "நம்ம வாய்க்கால் தண்ணியும் இதுல வந்திருக்கும்." அதன் பின்னர் அதைப் பற்றி அவர் பேசவில்லை. 2018இல் அவர் காலமானார்.

எங்கள் வாய்க்கால் மூடப்பட்டதால்தான் முடிச்சூர் மூழ்கியது என்று சொல்வது மிகை. அவ்வெள்ளத்தில் எங்கள் பங்கு எத்தனை குடம் என்று எவராலும் அளக்க முடியாது. ஒரு குடமும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அளக்க முடியாதது இல்லாதது ஆகிவிடுமா?

வினாவும் விடையும்

நம் அறநூல்கள் ஹிம்சையின் அளவை முதலில் பார்ப்பதில்லை. செய்தவரின் மனநிலையைப் பார்க்கின்றன. அம்மனநிலைக்குப் பிரமாதம் என்று பெயர். நாட்டு வழக்கில் பிரமாதம் என்றால் மிகச் சிறப்பு என்று பொருள். ஆகமத்தில் அசட்டை, விழிப்பின்மை என்று பொருள். கீழே பார்த்து நடந்தும் ஓர் எறும்பு காலில் பட்டு மாண்டால் அது ஒரு நிலை. பாராமல் நடந்து எறும்பே சாகாதிருந்தால் அது வேறு நிலை. பின்னவனிடமே பிரமாதம் உள்ளது. இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் எங்கள் வினா தெளிவாகிறது. வெள்ளத்தில் எங்கள் பங்கு எவ்வளவு என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் பத்திர அலுவலகத்தில் வாய்க்கால் இருந்தது எங்களுக்குத் தெரியும். பேசாமல் இருந்ததும் தெரியும்.

மேலும் வினை மூன்று வாயில்களால் வந்து சேர்கிறது: செய்தல், செய்வித்தல், செய்வோர்க்கு உடன்படுதல். மண்ணை நாங்கள் கொட்டவில்லை, கொட்டச் சொல்லவுமில்லை. உடன்பட்டோம். இக்காலத்துத் தீங்குகளில் பெரும்பாலானவை இம்மூன்றாம் வாயிலாலேயே நம் இல்லத்தினுள் நுழைகின்றன. மின்விசிறியைச் சுழற்றும் மின்சாரத்திற்காக எண்ணூரில் எரியும் நிலக்கரியை நாம் எரிக்கவில்லை, நமக்காக எரிகிறது. இல்லறத்தார்க்கு ஆகாத தொழில்களைத் தொகுத்த பழைய ஆசிரியர்கள், காடு எரித்தலோடும் கரி சுட்டு விற்றலோடும், ஏரி குளங்களை வற்றச் செய்தலையும் சேர்த்தே வைத்தனர். ஆலையின் புகையைக் காணாத காலத்தில் அவர்கள் எழுதியது இது.

இங்கு மூன்று தடைகள் எழலாம். முதலாவது, மேலை நாட்டார் செய்ததற்கு நாம் ஏன் வருந்த வேண்டும் என்பது. இதில் நியாயம் உண்டு. ஓர் அமெரிக்கர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் இந்தியர் ஏறத்தாழ 2 டன்னுக்கே. ஆனால் அந்த 2 டன் என்பது சராசரி. குளிர்சாதனமும் மகிழுந்தும் உள்ள நம் வீடும், வெயிலில் சாலை போடும் கூலியாளின் குடிசையும் சேர்ந்ததே அது. நாட்டுக்கு நாடு கேட்கும் கேள்வியை வீட்டுக்கு வீடு கேட்டுப் பார்த்தால் நாம் எப்பக்கம் நிற்போம்? தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அப்பேரிடரை முதலில் தாங்குவோர் குளிரூட்டிய அறையில் இருப்போர் அல்லர்.

இரண்டாவது தடை, நம் பேரன் கேட்டது. "பாட்டி, நான் வேலையை விட்டுட்டா வெப்பம் குறைஞ்சிடுமா?" என்றான். குறையாது என்றே நாம் சொன்னோம். வேலையை விடவும் சொல்லவில்லை. இல்லறத்தாரிடம் துறவியின் மகாவிரதத்தை நம் அறம் கேட்பதில்லை, அணுவிரதத்தையே கேட்கிறது. தொழிலில் தவிர்க்க இயலாதது உத்யோகீ ஹிம்சை. ஆனால் தவிர்க்க இயலும் என்று அறிந்த பின்னும் தொடர்வதை அப்பெயரால் மறைக்க முடியாது. எது இயலும், எது இயலாது என்பதைப் பொறியாளனாகிய அவனே நம்மைவிட நன்கு அறிவான்.

மூன்றாவது தடை, எவ்வுயிரும் தன் வினையைத் தானே துய்க்கும் என்றிருக்க, வெள்ளத்தில் மாண்டவர் தம் வினையால் மாண்டனர் எனக் கொள்ளலாகாதா என்பது. அவர் வினை அவரைச் சாரும்; நம் பிரமாதம் நம்மைச் சாரும். பிறர் வினையைக் காட்டி நம் கணக்கைத் தீர்க்க முடியாது.

இனிச் செய்யத்தக்கது

நம் அன்னையார் கிணற்று நீரைத் துணியில் வடித்த பின்னரே பயன்படுத்துவார். வடித்த துணியை அப்படியே உதறமாட்டார். அதே கிணற்று நீரை அதன்மீது ஊற்றி, அதில் தங்கிய சிற்றுயிர்களை அக்கிணற்றிலேயே இறக்கிவிடுவார். எங்கிருந்து எடுத்தோமோ அங்கேயே கொண்டு சேர்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். இன்று கோயம்பேட்டில் சென்னையின் கழிவுநீரை மிக நுண்மையாக வடிகட்டி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாய் வழியே அனுப்புகின்றனர். நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டரைத் தூய்மை செய்யும் திறனுடையது அந்நிலையம். மேட்டு நிலத்திலிருந்து இறங்கி வந்த நீர், நகரம் பயன்படுத்திய பின், மீண்டும் மேட்டு நிலத்திற்கே செல்கிறது. அன்னையார் இருந்திருந்தால் இதனைக் கேட்டு மகிழ்ந்திருப்பார். ஆலைகளும் அரசும் இதைச் செய்ய இயலுமெனில் நாமும் நம் அளவில் சில செய்யலாம்.

குணவிரதங்களுள் ஒன்று அநர்த்ததண்ட விரதம். பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றை விலக்குவது அதன் ஒரு கூறு. தசலட்சண பருவத்தில் உணவில் எதை விடுவது என்று எண்ணும் நாம், மின்சாரத்திலும் நீரிலும் பயணத்திலும் ஓர் எல்லையை வகுத்து விரதம் ஏற்கலாம். சென்ற இரண்டு ஆண்டுகளாக நம் வீட்டில் மின்கட்டணச் சீட்டைப் பூசை அறைக் கதவில் ஒட்டி வைத்து, அடுத்த சீட்டில் அலகு கூடாமல் பார்த்துக்கொள்கிறோம். பேத்திகள் முதலில் நகைத்தனர். இப்போது அவர்களே விளக்கை அணைக்கின்றனர். ஆனால் வீட்டுக் கணக்கோடு கடமை முடிந்ததென எண்ணுதல் கூடாது. உடன்பட்டதால் வந்த வினைக்கு மருந்து, உடன்படாமையை வாய்விட்டுச் சொல்வதே.

2024ஆம் ஆண்டு தசலட்சணம் முடிந்து, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாளில், கணவரின் அச்சொல் நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அக்டோபர் 2ஆம் நாள், காந்தி ஜெயந்தியன்று கூடிய கிராம சபைக்குப் பேரனை அழைத்துக்கொண்டு சென்றோம். நாம் அவ்வூர் வாக்காளர் அல்லோம். ஆயினும் பழைய ஆசிரியை என்று இருக்கை அளித்தனர். வாய்க்கால் எங்கு தொடங்கி எவ்வழியே ஓடியது என்பதைக் கையால் வரைந்து, 2006இல் நாங்கள் அதனை அறிந்தே நிலத்தை விற்றோம் என்றும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். கூட்டத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர், நம்மிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவர், இப்போது தலை நரைத்தவர், எழுந்து, "அதுல நானும் கப்பல் விட்டிருக்கேன் டீச்சர். இருந்ததுன்னு நானும் எழுதித் தரேன்" என்றார். அவரைத் தொடர்ந்து மேலும் நால்வர் கையெழுத்திட்டனர்.

அத்தாள் இன்று எந்த அலுவலகத்தில் உள்ளது என்பதை நாம் அறியோம். அங்கு வீடு கட்டிக் குடியிருப்போர் சிலர் நம்மீது வருத்தம் கொண்டுள்ளனர், அவ்வருத்தம் நியாயமானது. அவர்கள் ஏதும் அறியாது மனை வாங்கியவர்கள். வாய்க்காலை மீட்க வேண்டுமெனில், அவர்களுக்கு இழப்பின்றி எவ்வாறு மீட்பது என்பதும் நாம் சேர்ந்து சிந்திக்க வேண்டியதே. ஒரு தீங்கைத் திருத்தப் புகுந்து மற்றொரு தீங்கைச் செய்தல் அறமாகாது.

ஆலோசனை என்றால் நாட்டு வழக்கில் பிறர்க்குச் சொல்லும் யோசனை. நம் மரபில் தன் குற்றத்தைத் தானே எடுத்துரைத்தல். இக்கட்டுரையைப் படிப்போர் இதனை இரண்டாம் பொருளிலேயே கொள்ள வேண்டுகிறோம். வந்தவாசி, காஞ்சி, திண்டிவனம் பக்கங்களில் நம் குடும்பங்கள் பலவற்றிற்கு இன்னும் நிலம் உண்டு. அவற்றின் ஓரத்தில் வாய்க்கால்கள் உண்டு. வாங்க வருவோரும் உண்டு. விற்பதும் விற்காததும் அவரவர் நிலையைப் பொறுத்தது. ஆனால் கையெழுத்திடும் முன்பு, அங்கு நீர் ஓடியது என்று ஒரு சொல் சொல்வோமாக. நாங்கள் அதைச் சொல்லப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

அறம் வளர்க.